கத்தரிப்பூ நிறக் கோட்டு

மாப்பிள்ளை,

இன்று காலை உன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. வெறுமனே இறங்கியது என்று எழுதினால் அதற்கு மரியாதை இல்லை. உன் மகள் ஒரு பக்கம், நான் மறுபக்கம், பட்டத்து யானையை ஓடத்திலிருந்து இறக்குவதுபோல இறக்கினோம். அது தரையில் அமர்ந்த அதிர்ச்சியில் நீடாமங்கலம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த கூட்ஸ் வண்டி அரையடி பின்னால் நகர்ந்ததாகக் கேள்வி.

மூடியைத் திறந்தாள். முதலில் அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில் அரிதாரம். அதற்கும் அடியில், மிஷின் எண்ணெயும் உன் வெற்றிலையும் கலந்த ஒரு வாசனை. மாடி வீடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. நான் கீழ்த்தளத்திலேயே நின்றுவிட்டேன், மேலே ஏற மனமில்லாமல்.

உள்ளே அந்தக் கோட்டு இருந்தது. ராஜா கோட்டு. கத்தரிப்பூ நிற வெல்வெட்டு, முழங்கால் நீளம், கழுத்திலும் மணிக்கட்டிலும் சரிகை. சரிகை கறுத்துவிட்டது. தையல் ஒரு இடத்தில்கூட விடவில்லை.

"போட்டுப் பாருங்க மாமா" என்றாள் உன் மகள். ராஜ்ஜியம் கூப்பிடும்போது மறுப்பது என் குலத்தில் வழக்கமில்லை. போட்டேன். கை நுழைந்தது. தோள் உட்கார்ந்தது. முன்பக்கத்தில்தான் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே கொள்ளிடம் அளவுக்கு இடைவெளி. சோழ மண்டலத்திலேயே பெரிய வயிறு என்று நாம் கொண்டாடிய நம் மிராசுதாரின் வயிற்றுக்கு அளவெடுத்துத் தைத்த கோட்டு அது. அவரை நான் ஜெயித்திருக்கிறேன் என்பது இன்று காலை ஒன்பது மணிக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உன் மனைவி, என் அருமைத் தங்கை, "தின்னதெல்லாம் எங்க போவும்?" என்று மட்டும் சொன்னாள்.

கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வேர்க்கிறது. ராஜாக்கள் எப்படித்தான் இதைப் போட்டுக்கொண்டு போருக்குப் போனார்களோ.

எல்லாம் அந்தத் தையல் மிஷினால் வந்த வினை. என் தங்கைக்குச் சீர் வரிசையில் என் அப்பா கொடுத்தது அது. அவள் முதல் நாள் உட்கார்ந்தாள், ஊசி விரலில் ஏறியது, இனி அந்தப் பக்கமே வர மாட்டேன் என்று எழுந்துவிட்டாள். மிஷின் மூலையில் கிடந்தது. ஒரு மத்தியானம், நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த நீ, காலைக்கூடக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்ந்தாய். சேற்றுக் காலால் மிதித்தாய். சாயங்காலத்துக்குள் ஒரு தலையணை உறை. அந்த வாரம் முடிவதற்குள் மாட்டுக்குக் கொம்புச் சட்டை. நான் மிகைப்படுத்தவில்லை, மாட்டைக் கேட்டுப் பார்.

அப்புறம் நாடகம் வந்து பிடித்துக்கொண்டது. பங்குனித் திருவிழாவுக்கு நம் ஊரில் ராஜா நாடகம் போடுவது வழக்கம். பந்தலும் விளக்கும் மிராசுதார் செலவு. அதனால் ராஜாவும் மிராசுதார். இதில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. வருஷா வருஷம் வாடகைக்கு வரும் உடுப்பு அவர் உடம்பில் பாதியை மூடும், பாதியை விட்டுவிடும். நீதான் முதல்முதலில் அவர் அளவுக்கு ஒன்று தைத்துக் கொடுத்தாய். அதோடு ஊரின் சேனாதிபதி, மந்திரி, ராணி, தோழி அத்தனை பேரும் உன் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள்.

உடுப்பு தயார். உள்ளே பேசுவதற்கு வசனம் வேண்டாமா? நானிருந்தேன். நீடாமங்கலத்தில் உரக்கடையில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்த எனக்குள் ஒரு மகாகவி உறங்குகிறான் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாத காலம். ஆட்சி மாறிய புதிது அல்லவா! ஊருக்கு ஊர் படிப்பகம். பெஞ்சுக்குப் பெஞ்சு பேச்சாளன். டீக்கடையில் சர்க்கரை கூடப் போடச் சொல்கிறவன்கூட அடுக்குமொழியில்தான் சொல்வான். நீடாமங்கலத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கதை வசனம் எழுதக் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "மகாகவிக்கு இனி என்னத்தைக் கத்துக் கொடுக்கப் போறாங்க" என்ற கர்வத்தோடு கிளம்பினேன். துணைக்கு உன்னை இழுத்துப் போனேன்.

இருவருக்கும் ஒரே சைக்கிள். நான் மிதிக்க, நீ கேரியரில் உட்கார்ந்து மடியில் துணியைப் பரப்பி ஓரம் தைத்துக்கொண்டே வருவாய். பள்ளம் வந்தால் தையல் எகிறும். அந்த வருஷத்து ராணிப் பாவாடையை எடுத்து விரித்தால், நம் ஊரிலிருந்து நீடாமங்கலம் வரை ரோட்டில் எங்கெங்கே குழி என்று பொதுப்பணித் துறைக்கே தெரிந்துவிடும்.

வகுப்பு எடுத்தவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஒல்லி. அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய வகுப்பில் ஒரு சட்டம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? எழுதியவன் தன் எழுத்தைத் தானே வாசிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவன்தான் வாசிக்க வேண்டும். தன் குரலின் தயவு இல்லாமல் வாக்கியம் நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும் என்பார்.

வெண்ணாற்றில் சூரியன் உதிப்பதைப் பற்றி நான் எழுதியிருந்தேன். சூரியன், செங்கதிர்த் தேரேறி, பொற்பிழம்பாய்ப் புவி நோக்கிப் பாய்ந்து வந்தான். அதை நீ வாசித்தாய். யூரியா மூட்டையில் அச்சடித்திருப்பதை வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய். பொற்பிழம்பு வந்த இடத்தில் நிறுத்தி, "இது என்ன மச்சான், எண்ணெய்ப் பலகாரமா?" என்று மெதுவாகக் கேட்டாய். வகுப்பே பெஞ்சிலிருந்து விழுந்தது.

பிறகு உன்னுடையதை நான் வாசித்தேன். சிம்மாசனத்திலிருந்து முழங்கும் குரலில்தான் ஆரம்பித்தேன். நான்கே வரி. 'பொழுது விடிஞ்சிது. ஊசியில நூல் கோத்தேன். மாடு கத்திச்சு. ஊசிய முண்டாசுல குத்திக்கிட்டு வயலுக்குப் போனேன்.' மூன்றாவது வரிக்குள் என் குரல் தானாகத் தணிந்துவிட்டது. பிழை திருத்துகிறவர் என்னைப் பார்த்து, "ஒரு வரிக்கு ஒரு பூ போதும் தம்பி. நீங்க மாலை கட்டுறீங்க" என்றார். உன் தாளை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ எழுதியது கற்பனை இல்லை. உண்மையிலேயே உன் முண்டாசில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற நேரத்தில் ஒரு பொத்தான். மதகில் தண்ணீர் முறைக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒரு காஜா. விடியலில் ஏர், வெயிலில் மிஷின், ஞாயிறு வகுப்பு. மூன்றையும் எப்படி இழுத்துப் பிடித்தாய் என்று உன் மகள் என்னைக் கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? என் தங்கையின் வாயையும் சேர்த்து நீ சமாளித்தது நான்கு வேலை.

அந்த வாய்! காவிரி வற்றினாலும் அது வற்றியதில்லை. "என் சீரு மிஷினு, ஊரான் வீட்டு ராஜாவுக்கு உழைக்கிது. ஒத்தக் காசு உண்டா? நூலுக்கும் நம்ம நெல்லு, எண்ணெய்க்கும் நம்ம நெல்லு." அதை அடுப்படிக்குள் சொல்கிறவளா அவள்? தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் தெருவுக்கே அறிவித்துக்கொண்டு போவாள். நீ தலைநிமிராமல் மிதித்துக்கொண்டிருப்பாய். மிஷின் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சிரிப்பதற்குச் சுலபமில்லாத ஒரு வருஷம் வந்தது. கூலி நெல் கூட்டிக் கேட்டுப் பக்கத்து ஊர்களில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார்கள். வாய்க்கால் பாலத்தில் போலீஸ் வண்டி நின்றது. மண்டை உடைந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. நம் தெருவில் அடுத்தவன் வீட்டு விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்கக்கூட யோசித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் உனக்கு வெல்வெட்டு வாங்கும் வேளை வந்தது. ராஜாவுக்குப் புதுக் கோட்டு. சிவப்பு எடுக்கலாம் என்றேன். சிவப்பு கூலிச் சங்கத்துக் கொடி, மிராசுதார் உடம்பில் அதைப் போட்டால் கோட்டு தானே கழன்று ஓடிவிடும் என்றாய். பச்சை, நிலக்காரர் பக்கத்துக் கொடி. கறுப்போடு சிவப்பு ஆட்சியில் இருப்பவர்களுடையது. வெள்ளை, ஆட்சியைவிட்டுப் போன கதர்க்காரர்களுடையது. ஜவுளிக் கடையில் ஒவ்வொரு உருளையாக எடுத்து, இது எந்தக் கட்சி, அது எந்தக் கட்சி என்று நாம் தள்ளத் தள்ள, கடைக்காரர் கையைப் பிசைந்தார். கடைசியில் அலமாரியின் மூலையிலிருந்து இதை உருவினாய். கத்தரிப்பூ நிறம். "இத இன்னும் எந்தக் கட்சியும் பாக்கல மச்சான். வாங்கிருவோம்" என்றாய்.

நாடக நோட்டீஸையும் அந்த வாரமே எழுதினோம். டீக்கடை பெஞ்சில் நான் அடைமொழிகளை அள்ளி வீசிக்கொண்டிருந்தேன். எனக்கு 'வசனச் சிங்கம்'. கூத்துக்கு மத்தளம் அடிப்பவருக்கு 'இடியோசை இளவல்'. நீ கூச்சத்தோடு, "எனக்கும் ஒண்ணு போடு மச்சான்" என்றாய். வாழ்நாளில் நீ என்னிடம் கேட்ட ஒரே ஆடம்பரம். விடுவேனா? 'உடை அலங்காரம்: தையற்கலைச் சக்கரவர்த்தி, ஊசிமுனைச் சோழன்' என்று எழுதி உன் பேரைப் போட்டேன். உனக்குச் சிரிப்பு தாங்காமல் டீ மூக்கு வழியாக வந்தது. அந்த நோட்டீஸை மடித்து முண்டாசுக்குள் வைத்துக்கொண்டாய்.

அந்தப் பட்டம் ஒரு வாரத்தில் உன் நிலத்துக்கே உலை வைத்தது.

குத்தகை நிலத்தைத் தாமே உழுகிறவர்கள் தங்கள் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. மைக் கட்டிய ஜீப் ஊர் ஊராகச் சொல்லிப் போனது. நீ உழுத ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், மிராசுதாருடையது. உன் தாத்தா காலத்திலிருந்து உங்கள் ஏர்தான். எல்லாம் வாய்ப்பேச்சு. களத்தில் நெல்லை அளந்து அவர் பங்கை அவர் எடுப்பார், உன் பங்கு உனக்கு. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பேர் பதிந்தால் நிலத்தைவிட்டு உன்னை யாரும் இறக்க முடியாது. பதியாவிட்டால், ஆனியில் ஆற்றில் தண்ணீர் வரும்போது உனக்கு ஏர் கட்ட இடம் இருக்காது. கைக்குழந்தையாக உன் மகள். உனக்கு இருந்தது அந்த ஆறு மாதான்.

நீ மனுக் கொடுத்தாய். மிராசுதாரின் வரவு செலவைப் பார்த்துவந்த காரியக்காரர் டீக்கடையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியை ஊருக்குள் விட்டார்: "அவன் தையக்காரன்ல? தையக்காரனுக்கு எதுக்குய்யா குத்தகை?"

கேள்வி தெருத் தெருவாக நடந்து உன் வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலம் நான் வந்தபோது நீ மிஷினைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாய். வண்டி சொல்லியிருந்தாய். மறுநாள் நீடாமங்கலத்தில் விற்றுவிடுவது. வகுப்புக்கும் இனி வரப்போவதில்லை என்றாய். பாதி தைத்த கோட்டு, ஒரு கை வைத்தும் ஒரு கை இல்லாமலும், கொடியில் தொங்கியது. என் வாய்க்கு அன்றுதான் முதல் முறையாக வேலை இல்லாமல் போயிற்று.

அப்போது என் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷமாக அந்த மிஷினைத் திட்டியவள். கயிற்றைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள்.

"இது என் சீரு மிஷினு. விக்கிறதுக்கு நீங்க யாரு?"

அவள் குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, குனிந்து முடிச்சை அவிழ்த்தாள்.

விசாரணைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ஊரே முற்றத்தில் நின்றது. உன் பக்கத்து வயல்காரர்கள் வந்திருந்தார்கள், ஆனால் யாரும் முன்வரிசைக்கு வரவில்லை. மிராசுதார் நாற்காலியில் இருந்தார். யார் வாயைத் திறந்தாலும் அவர் கண்ணில் படும்.

காரியக்காரர் நம் நோட்டீஸை விரித்தார். 'தையற்கலைச் சக்கரவர்த்தி, ஊசிமுனைச் சோழன்' என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். என் எழுத்தை எனக்கே பிடிக்காமல் போன முதல் நாள் அது. பகலெல்லாம் மிஷின், ஞாயிற்றுக்கிழமையானால் நீடாமங்கலத்தில் படிப்பு, இவன் எப்போது உழுவான் என்று கேட்டார். பண்ணை ஆட்கள்தான் அந்த ஆறு மாவை உழுகிறார்கள் என்றார். கடைசியாக உன் தலையைக் காட்டினார்.

"முண்டாசப் பாருங்க சார்."

எல்லோரும் பார்த்தார்கள். முண்டாசில் ஊசி. ஊசியில் கத்தரிப்பூ நிற நூல், காற்றில் ஆடிக்கொண்டு.

அதிகாரி உன்னைப் பார்த்து, நீ தையல்காரனா விவசாயியா என்று கேட்டார். நீ இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சக்கரவர்த்தியாவது சோழனாவது, எல்லாம் என் மச்சானின் கிறுக்கு என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் கொடுக்கத் தயாராகவே இருந்தேன். நீ, "உழவும் செய்றேன் சார். தைக்கவும் செய்றேன்" என்றாய்.

அதிகாரியின் பேனா மேஜையைத் தட்டியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, உலக வரலாறு கண்டிராத ஓர் உரைக்குத் தயாரானேன். நல்லவேளை, எனக்கு முன்னால் என் தங்கை போய் நின்றுவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போகும்போது தெருவுக்குச் சொல்வாளே, அதே குரல், அதே இழுவை.

"ஐயா, இவரு தையக்காரருன்னா எனக்குல்ல மொதல்ல தெரியணும்? அது என் சீரு மிஷினு. கல்யாணம் ஆன நாளாச் சொல்றேன், அது ஒத்தக் காசு சம்பாரிச்சு நான் பாத்ததில்ல. நூலுக்கும் எங்க நெல்லு, எண்ணெய்க்கும் எங்க நெல்லு. நான் இவரத் திட்டாத நாளு உண்டா, கேட்டுப் பாருங்க."

முற்றத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திட்டை அறியாத காது அந்த ஊரில் ஏது? அவள் நிறுத்தவில்லை. மிராசுதார் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"பண்ணை ஐயாவுக்கே வருசா வருசம் தச்சுக் குடுக்குறாரு. தையக்காரருன்னா ஐயா கூலி குடுத்திருப்பாங்கல்ல? குடுத்தீங்களாங்க?"

அதிகாரியும் மிராசுதாரைப் பார்த்தார். மாப்பிள்ளை, அந்த மனுஷன் பட்ட பாட்டை நான் இன்றுவரை எந்த நாடகத்திலும் எழுத முடியவில்லை. கூலி கொடுத்தேன் என்றால் பொய். ஊரே முன்னால் நிற்கிறது. கொடுக்கவில்லை என்றால், தையல்காரனுக்குக் கூலி கொடுக்காத ராஜா. நிலம் ஒரு கையில், பெருமை ஒரு கையில். ராஜா வேஷம் கட்டியே பழகிய உடம்பு அது. பெருமையைத்தான் பிடித்துக்கொண்டது.

"குடுத்தா வாங்குறவனாய்யா அவன்?" என்று வெடித்தார். "ஒரு வேட்டி எடுத்துக் குடுத்தேன். அதையும் ராஜகுருவுக்குக் கட்டிவுட்டுட்டான்."

முற்றம் சிரித்தது. பல மாதமாக அந்த ஊர் சேர்ந்து சிரித்ததே இல்லை. அதிகாரிகூடக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கூலி இல்லையென்றால் அது தொழில் இல்லையே, அப்படியானால் இவர் எதை வைத்துச் சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

"அந்த ஆறு மாவுலதாங்க" என்றாள் என் தங்கை.

மிராசுதார் மறுத்துப் பேசவில்லை. சிரிப்பில் தளர்ந்த வாய்கள் மூடுவதற்குள் உன் பக்கத்து வயல்காரர் ஒருவர், ஆமாங்க, இவருதான் உழுவாரு என்றார். அப்புறம் இன்னொருவர். பின்வரிசை முன்னால் வந்தது. காரியக்காரர் நோட்டீஸை மடித்தார். பேர் பதிவாகி உத்தரவு வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஆனால் ஆனியில் தண்ணீர் வந்தபோது உன் ஏர் உன் வயலில் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீ என்ன செய்தாய் தெரியுமா? கொடியில் தொங்கிய கோட்டை எடுத்து மிஷினில் வைத்தாய். எனக்கு ஆத்திரம். அந்த ஆளுக்கா தைக்கிறாய் என்று குதித்தேன்.

"கோட்டு என்ன பண்ணுச்சு மச்சான்?" என்றாய்.

பக்கவாட்டுத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மிச்சம் விட்டு மடித்துத் தைத்தாய். வெல்வெட்டு விற்கிற விலையில் எதற்கு இந்தத் தாராளம் என்றேன். "மனுசன் பெருப்பான். சட்டை கிழிய வேணாம்ல" என்றாய். அந்த வருஷம் அந்த ஊரில் வேறு யாரும் அந்த மனுஷனுக்கு இரண்டு விரல் இடம் விட்டிருக்க மாட்டார்கள்.

திருவிழாவன்று ராஜா வரமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். நானே ராஜாவாகிவிடலாம் என்று இரண்டு தலையணையை வயிற்றில் கட்டி ஒத்திகைகூடப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில், வேஷம் கட்டுகிற பள்ளிக்கூட அறைக்குள் மிராசுதார் தனியாக வந்தார். காரியக்காரர் இல்லை, குடைக்காரன் இல்லை. உன் முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கினார். நீ கோட்டைப் போட்டுவிட்டாய். ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினாய்.

"கழுத்து இறுக்குது" என்றார்.

நீ முண்டாசிலிருந்து ஊசியை எடுத்து, கழுத்துப் பட்டியில் இரண்டு தையலைப் பிரித்தாய். "இப்ப?" என்றாய்.

"ம்."

சமாதானம் என்று இதை நான் எழுத மாட்டேன். அவர் அப்புறமும் கோர்ட்டுக்குப் போவேன் என்று இரண்டு வருஷம் மிரட்டிக்கொண்டுதான் இருந்தார், போகவில்லை. ஆனால் அன்றைக்கு மேடையில் அவர் பேசிய என் வசனம் திருவாரூர் வரை கேட்டது. பாதியை அவரே சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார். நாடகம் முடிந்ததும் கோட்டைக் கழற்றி மடித்து உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேறு எதையும் அவர் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்தது என் தங்கையின் சட்டம். தையலுக்குக் காசு வாங்கினால் நிலம் போய்விடும் என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. நீடாமங்கலத்தில் பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்க ஆளில்லாமல் ஒருவர் நல்ல கூலிக்கு உன்னைக் கூப்பிட்டபோது, அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஊரில் அத்தனை பேருக்கும் தைத்தாய், கடைசிவரை சும்மாவே. அவள் திட்டுவதையும் நிறுத்தவில்லை. ஒத்தக் காசு உண்டா என்று நாள் தவறாமல் கேட்பாள், ஒத்தக் காசு வந்துவிடாமலும் பார்த்துக்கொண்டாள். இப்படி ஒரு நிர்வாகத்தை நான் எந்த அமைச்சரவையிலும் கண்டதில்லை. ஆறு மா உன் மகளைப் படிக்க வைத்தது. நாம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை, அந்தச் சைக்கிள் கடை இருந்தவரை விடவில்லை.

கடைசியாகத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். பச்சைத் துணியில் ஒரு அங்கி மாட்டியிருந்தார்கள். பேசவே சிரமம் உனக்கு. என்னைக் குனியச் சொல்லி, "பின்னாடி முடிச்சு வைக்கிறான் மச்சான். படுக்கிறவனுக்கு முதுகுல குத்தாதா?" என்றாய். உலகத்தைப் பற்றி உனக்கிருந்த குறை அவ்வளவுதான்.

நான் இன்னமும் எழுதுகிறேன், மாப்பிள்ளை. கோயில் மலருக்கு, கல்யாண வாழ்த்துக்கு, யாராவது கேட்டால், பெரும்பாலும் யாரும் கேட்காமல். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் உன் குரலில் அதை வாசித்துப் பார்க்கிறேன். யூரியா மூட்டைக் குரல். அந்தக் குரலில் நிற்காத பொற்பிழம்பை அடித்துவிடுகிறேன். அப்படி அடித்ததில் இந்த மடலிலேயே ஏழெட்டு யானை போயிற்று. இருந்தும் இவ்வளவு மிச்சம் இருக்கிறதே என்கிறாயா? என் தலைக்குள் நீ வாசித்தபோது உனக்குச் சிரிப்பு வந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். என் எழுத்தை வெட்டச் சொல்லிக் கொடுத்ததற்கும், அதே சமயம் என் அளப்பை ஒரு நாளும் குறைத்துப் பேசாததற்கும், வாய்விட்டு உனக்கு நன்றி சொன்னதில்லை. மச்சான் மாப்பிள்ளைக்குள் அது வழக்கமுமில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன். நன்றி. ஒரே பூ.

இதற்குள் என் தங்கை என்னைக் கோட்டிலிருந்து உரித்து எடுத்துவிட்டாள். உன் படம் மிஷின் மேலேதான் இருக்கிறது. அதை எடுத்து ஜன்னலில் வைத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டுத் தையலைப் பிரித்தாள். நீ விட்ட இரண்டு விரல் துணி உள்ளே அப்படியே இருந்தது, வெயில் படாமல், கடையில் உருவிய அன்றைய நிறத்தில். அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் காலத்தில் விரலைக் குத்திய அதே மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தாள். தையல் கோணல்தான்.

எழுதியவன் வாசிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இதுவரை எழுதிய தாள்களை அவளிடம் கொடுத்தேன். மிஷினை நிறுத்திவிட்டு, உன் படத்தின் பக்கம் திரும்பி, சத்தமாக வாசித்தாள். அவளைப் பற்றி வந்த இடங்களில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"இத எழுதுனா காசு குடுப்பாங்களா?"

"ஒத்தக் காசு வராது" என்றேன்.

"அப்ப எழுது" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.